படங் கீறிக் கதை சொல்வோம்

பிள்ளையின் கையில் ஒரு கரித்துண்டு அகப்பட்டால் வெள்ளையடித்த சுவருக்கு ஆபத்து என்பதை அறியாத வீடு இல்லை. தைப்பொங்கலுக்கென்று சுண்ணாம்பு பூசிய சுவரிலே, பொங்கற் பானை அடுப்பேறுமுன்னரே, முழங்கால் உயரத்தில் நீண்ட வளைகோடு ஒன்று ஓடிக் கிடக்கும். தாய் கடிந்துகொள்வாள். இனிமேல் இவனுக்குக் கரிக்கட்டி எட்டக்கூடாது என்று தகப்பனார் கட்டளையிடுவார். அம்மம்மா மாத்திரம் மெல்லக் குனிந்து சுவரைப் பார்த்து, "இது என்ன ராசா?" என்று கேட்பாள். பிள்ளையும், "இது றெயில். யாழ்ப்பாணம் போகுது. உள்ளுக்கை யானை இருக்குது" என்று விடை சொல்லும். அக்கணமே கோடு கதையாகிவிடுகின்றது. இம்மூவருள்ளும் அம்மம்மாவின் பக்கமே நாம் நிற்கின்றோம். சுவருக்குப் பதிலாகக் கடதாசி கொடுக்கலாமே என்ற அளவில் தாயாரின் வழக்கிலும் நியாயம் உண்டு.

இங்கு நாம் பேச விரும்புவது பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பிக்கும் முறையைப் பற்றியன்று. அதற்கு ஆசிரியர்கள் இருக்கின்றார்கள். மூன்று வயது தொடக்கம் ஏழு வயது வரையுள்ள ஒரு பிள்ளையும் பெரியவர் ஒருவரும் ஒரே கடதாசியின் முன் அமர்ந்து, மாறி மாறிக் கீறியும் பேசியும் இல்லாத ஒரு கதையை உண்டாக்குகின்றார்களே, அந்த விளையாட்டைப் பற்றியே பேசுகின்றோம். "எனக்குக் கீற வராது" என்று பின்வாங்கும் பெற்றோர் அஞ்சவேண்டியதில்லை. கீற வராதவரே இவ்விளையாட்டுக்கு மிகத் தக்கவர். கைதேர்ந்தவர் ஒருவர் அழகான குதிரையொன்றைக் கீறிவிட்டால், பிள்ளை தன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களே கீறுங்கோ" என்று சொல்லிவிடும். நான்கு கோலும் ஒரு கத்தரிக்காயுமாக நாம் ஒரு குதிரையைக் கீறினாலோ, "அது குதிரையில்லை, நான் காட்டுறன்" என்று அது முன்வரும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

பிள்ளையின் கிறுக்கலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதை அறிஞர் பலர் ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பாலர் பள்ளி ஒன்றை நடத்திய றோடா கெலொக் என்னும் அம்மையார், சிறு பிள்ளைகளின் சித்திரங்களை ஏறத்தாழப் பத்து இலட்சம் வரை சேகரித்து, அவற்றை வகைப்படுத்தி 1969ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். கிறுக்கல்களில் அடிப்படையானவை இருபது என்பது அவர் கணக்கு. புள்ளி, நேர்கோடு, வளைகோடு, சுழி, மூடாத வட்டம் எனத் தொடங்கி, வட்டமும் சிலுவைக்கோடும் ஒன்றாகி, வட்டத்திலிருந்து கதிர்கள் கிளம்பிச் சூரியனாகி, அச்சூரியனின் கதிர்களிற் சில கைகளாகவும் கால்களாகவும் நீண்டு, ஈற்றில் மனிதன் பிறக்கின்றான். உடம்பில்லாமல் தலையிலிருந்தே கால்கள் முளைத்த அம்மனிதனை நம்மிற் பலர் பார்த்துச் சிரித்திருப்போம். அவன் பருத்தித்துறையிலும் பிறக்கின்றான், பாரிசிலும் பிறக்கின்றான்.

பிரான்சிய அறிஞரான லூக்கே என்பவர் தம் சொந்தப் பிள்ளைகள் கீறியவற்றைச் சேர்த்து வைத்து ஆராய்ந்தவர். பிள்ளை தான் காண்பதைக் கீறுவதில்லை, தான் அறிந்ததையே கீறுகின்றது என்று 1927இல் வெளிவந்த தமது நூலில் அவர் விளக்கினார். வீட்டின் சுவரைக் கீறிய பிள்ளை, சுவருக்குள்ளே மேசையையும் கதிரையையும் சோறு தின்னும் தம்பியையும் கீறிவிடும். சுவரூடாக உள்ளே தெரியுமா என்று நாம் கேட்போம். தெரியாதுதான், ஆனால் தம்பி உள்ளே இருக்கின்றான் அல்லவா? மரவள்ளிச் செடியைக் கீறினால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கும் தெரியும். தேரைக் கீறினால் இரு பக்கத்துச் சில்லுகளும் ஒரே பக்கத்தில் நிற்கும். இவற்றைப் பிழையென்று திருத்துவது, கதை சொல்லிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

படத்தைக் கண்டதும் "இது பூனைதானே?" என்று நாமே பெயர் சூட்டிவிடுவதும் வேண்டாம். இதனால் விளையும் விபரீதத்தை ஆங்கில எழுத்தாளர் றட்யாட் கிப்ளிங் ஒரு கதையாகவே எழுதியுள்ளார். ஆதிகாலத்துச் சிறுமி ஒருத்தி தகப்பனோடு மீன் பிடிக்கச் செல்கின்றாள். தகப்பனின் ஈட்டி முறிந்துவிடுகின்றது. மொழி தெரியாத அந்நியன் ஒருவனிடம், வேறு ஈட்டி எடுத்து வரும்படி தாய்க்குச் செய்தியாக, மரப்பட்டையில் ஒரு படத்தைக் கீறிக் கொடுத்து அனுப்புகின்றாள். தாய் அப்படத்தைப் பார்த்துவிட்டு, இவன் நம்மவரைக் குத்திக் கொன்றுவிட்டான் போலும் என்று விளங்கிக்கொள்கின்றாள். ஊர்ப் பெண்கள் கூடி அப்பாவி மனிதனைப் புரட்டி எடுத்துவிடுகின்றார்கள். அடுத்த கதையிலே அதே தகப்பனும் மகளும் அமர்ந்து, மீனின் திறந்த வாயிலிருந்து ஓர் எழுத்தும், மற்றப் பொருள்களிலிருந்து மற்றை எழுத்துகளுமாகப் படங் கீறிக் கீறியே ஒரு நெடுங்கணக்கை உண்டாக்கி முடிக்கின்றார்கள்.

இக்கதைகள் 1902இல் கிப்ளிங் தம் கையாலேயே கீறிய படங்களுடன் நூலாயின. அத்தொகுதியிலுள்ள கதைகளிற் சில, தம் மூத்த மகள் யோசபீனுக்கு இரவில் அவர் சொன்னவை. ஒரு சொல் மாறினாலும் அச்சிறுமி விடமாட்டாளாம். சொன்னது சொன்னபடியே சொல்லவேண்டுமாம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தானே! ஆனால் நூலை அவள் பார்க்கவில்லை. 1899ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூயோர்க் நகரில் நியுமோனியாக் காய்ச்சல் கண்டு தன் ஆறாவது வயதிலே அவள் இறந்துவிட்டாள். தகப்பனும் மகளும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்து எழுத்துகளைக் கண்டுபிடிக்கும் அந்தப் பக்கங்களை இதனை அறிந்தபின் வாசிப்பவர்க்கு, விளையாட்டாக எழுதப்பட்ட வரிகளும் வேறு விதமாகவே தோன்றும்.

நிற்க. இவ்விளையாட்டை எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்க்கு, இலண்டனிற் குழந்தை வைத்தியராகவும் உளவைத்தியராகவும் விளங்கிய டொனால்ட் வினிக்கொட் கையாண்ட முறையை எடுத்துக் கூறலாம். தம்மிடம் அழைத்து வரப்படும் பிள்ளையை அவர் கேள்விகளாற் குடைவதில்லை. ஒரு கடதாசியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நெளிகோட்டை இழுப்பார். "இதை நீ ஏதாவது ஆக்கு" என்பார். பிள்ளை அதை வாத்தாகவோ சப்பாத்தாகவோ ஆக்கும். பின்னர் பிள்ளை ஒரு கோட்டை இழுக்கும். அதை ஏதாவது ஆக்குவது வைத்தியரின் முறை. இப்படிப் பத்துப் பதினைந்து படங்கள் வருவதற்குள், வாய்திறவாத பிள்ளையும் தன் மனத்திற் கிடந்த பயத்தையோ துக்கத்தையோ தானாகவே பேசத் தொடங்கிவிடும். வீட்டிலே நாம் வைத்தியம் பார்க்கவேண்டியதில்லை. பார்க்க முயல்வதும் தவறு. ஆயினும், கோட்டை ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கும் அந்த முறை எந்த வீட்டு விறாந்தைக்கும் பொருந்தும்.

அயல் வீடொன்றில் ஒரு மாலைப்பொழுதில் நாம் கேட்டுக்கொண்டிருந்த உரையாடல் ஒன்றைக் கேட்டபடியே இங்குத் தருகின்றோம். பேத்திக்கு வயது ஐந்து. அம்மம்மா பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஒரு வளைவை மாத்திரம் கீறிக் கொடுத்தார்.

"இது கிணறு அம்மம்மா."

"கிணத்துக்குள்ளை என்ன பிள்ளை கிடக்குது?"

"நிலா. நிலா விழுந்துபோச்சுது."

"ஐயோ! இனி ஆர் அதைத் தூக்கிறது?"

"துலாவாலை தூக்கலாம்."

"துலா மிதிக்க ஆள் வேணுமே?"

"காகம் மிதிக்கும்." சற்று யோசனை. "காகம் பாரமில்லை. அப்ப நூறு காகம்."

நூறு காகமும் கீறப்பட்டன. முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தடுமாறிற்று. முப்பத்தொன்பதுக்குப் பின் மறுபடியும் முப்பது வந்தது. அம்மம்மா திருத்தவில்லை. நிலா வெளியே வந்தது.

"நிலா நனைஞ்சுபோச்சுது. அதுக்குக் காய்ச்சல்."

"அப்ப என்ன செய்வம்?"

"கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ."

அம்மம்மா எழுந்து உண்மையாகவே அடுப்படிக்குச் சென்றுவிடுவாரோ என்று நாம் எண்ணினோம். செல்லவில்லை; ஒரு கோப்பையைக் கீறினார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஒரு வளைவு, நான்கு கேள்வி, ஒரு கோப்பை. மீதி அனைத்தும் பிள்ளையினுடையவை. காகத்தின் பாரத்தையும் துலாவின் பாரத்தையும் ஒப்பிட்டு, ஒன்று போதாது நூறு வேண்டும் என்று தீர்மானித்தது பிள்ளை. நனைந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சலுக்குக் கொத்தமல்லி என்ற காரண காரியத் தொடர்பை அமைத்ததும் பிள்ளை. "ஆகையால் கிணற்றை எட்டிப் பார்க்கக்கூடாது" என்று ஒரு நீதியை ஈற்றிலே ஒட்டாமல் விட்டாரே, அதற்காகவே அந்த அம்மம்மாவை நாம் வணங்கலாம். கிணற்றைப் பற்றிய எச்சரிக்கை மிக அவசியமானது. அதை வேறொரு நேரத்திற் சொல்லலாம்.

ஆனால், பெரியவர் கேள்வி மாத்திரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் விதியன்று. பெரியவர்களும் விளையாட்டில் உண்மையாகவே மயங்கிவிட்டால் என்ன நிகழும் என்பதற்குச் சிறந்த சான்று, உலகச் சிறுவர் எல்லாரும் அறிந்த 'புதையல் தீவு'. 1881ஆம் ஆண்டின் கோடை இறுதியில், ஸ்கொத்லாந்து மலைநாட்டில் பிறேமார் என்னும் ஊரிலே ஒரு சிறு வீட்டில் றொபேட் லூயி ஸ்டீவன்சன் குடும்பத்தோடு தங்கியிருந்தார். நெஞ்சு நோய்க்காரர். வெளியே ஓயாத மழை. மனைவியின் முதல் மணத்து மகனான லொயிட் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் பள்ளி விடுமுறையில் நின்றவன், பொழுது போகாமல் நீர்வர்ணப் பெட்டியுடன் படங் கீறிக்கொண்டிருந்தான். ஸ்டீவன்சனும் அவனோடு சேர்ந்து கீறலானார். அப்படிக் கீறிய படங்களுள் ஒன்று ஒரு தீவின் வரைபடம். குடாக்களும் குன்றுகளும் பெயர்களும் அதில் ஒவ்வொன்றாக ஏறின. படத்தைப் பார்க்கப் பார்க்க அக்காடுகளுக்கிடையே மனிதர் நடமாடக் கண்டாராம் ஸ்டீவன்சன். உடனே அத்தியாயங்களின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. நாளுக்கொரு அத்தியாயமாக எழுதி, எழுதியதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார்.

இதிற் பெரிய வேடிக்கை யாதெனில், அறுபது வயதைக் கடந்த பாட்டனாராகிய தோமஸ் ஸ்டீவன்சனும் இவ்விளையாட்டில் விழுந்துவிட்டதுதான். கடற்கரை வெளிச்சவீடுகளைக் கட்டிய பெரும் எந்திரி அவர். கதையில் வரும் கிழ மாலுமியின் பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தபோது, பெட்டிக்குள் என்னென்ன இருந்தன என்ற பட்டியலைப் பகலில் பெரும்பகுதியைச் செலவிட்டு அவரே எழுதிக் கொடுத்தார். கதையிற் பெண்கள் வேண்டாம் என்பது சிறுவனின் கட்டளை. அதற்கும் ஆசிரியர் பணிந்தார். வரைபடத்தை முதலிற் கீறத் தொடங்கியவர் யார் என்பதில், பிற்காலத்தில் ஸ்டீவன்சன் எழுதியதும் லொயிட் எழுதியதும் ஒத்துப்போகவில்லை. தாம் கீறியதாக அவர் சொல்ல, தான் கீறிக்கொண்டிருந்த படத்தின்மேல் அவர் குனிந்தார் என்று இவன் சொல்கின்றான். இருவர் கூடிக் கீறிய படத்துக்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேறு வேண்டியதில்லை.

அவ்வரைபடத்துக்கு நேர்ந்த கதியையும் சொல்லவேண்டும். 1883இல் நூலாக அச்சிடுவதற்குக் கையெழுத்துப் பிரதியோடு படத்தையும் அனுப்பினார்கள். பிரதி போய்ச் சேர்ந்தது, படம் சேரவில்லை. கதையிலுள்ள அளவுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, தகப்பனாரின் அலுவலகத்தில் இன்னொரு படம் திருத்தமாக வரையப்பட்டது. நாம் இன்று நூலிற் காண்பது அதுதான். ஆனால் ஸ்டீவன்சனுக்கு அது ஒருபோதும் அந்தத் தீவாகத் தோன்றவில்லை.

நமக்கு அணித்தான உதாரணமும் உண்டு. இரவீந்திரநாத தாகூர் தமது கையெழுத்துப் பிரதிகளில் வேண்டாத சொற்களை வெட்டும்போது, வெட்டிய கோடுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பறவையாகவும் விசித்திர மிருகமாகவும் ஆக்கிவிடும் பழக்கமுடையவர். சிறுபிள்ளை விளையாட்டைப் போன்ற அப்பழக்கமே வளர்ந்து, அறுபது வயதுக்கு மேல் அவரை ஓவியராக்கிற்று; 1930இல் பாரிஸ் நகரில் அவரது ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1934இல் அவர் யாழ்ப்பாணத்துக்கும் வருகை தந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1937இல், 'ஷே' என்றொரு நூலை வெளியிட்டார். வங்காள மொழியில் அச்சொல்லுக்கு 'அவன்' என்பது பொருள். புபே என்று செல்லமாக அழைக்கப்பட்ட பேத்தி நந்தினிக்காகப் புனைந்த கதைகள் அவை. இராசகுமாரனும் இல்லை, இராட்சதனும் இல்லை. வெறும் சொற்களாலே செய்யப்பட்ட 'அவன்' என்னும் ஒரு மனிதன். பாட்டனார் ஒன்று சொல்லப் பேத்தி குறுக்கே கேட்க, அக்கேள்வியே கதையை வேறு வழியில் இழுத்துச் செல்கின்றது. தன் உடம்பின் கறுப்புக் கோடுகளைக் கழுவச் சவர்க்காரம் தேடும் புலியும் அதில் வருகின்றது. படங்களையும் தாகூரே வரைந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறு. நோபல் பரிசு பெற்ற கவிஞருக்கு ஒரு சிறுமியின் கேள்விக்காகக் கதையை மாற்றுவது குறைவாகப்படவில்லை.

இனி, பெற்றோர் எழுப்பும் ஆட்சேபங்கள் சில உள. இதெல்லாம் பொய் சொல்லப் பழக்குவதாகாதா என்பது ஒன்று. தான் உடைத்த கோப்பையைப் பூனை உடைத்தது என்று பிள்ளை சொல்வது பொய். நிலா கிணற்றில் விழுந்தது என்பது கதை. பிள்ளைக்கு இவ்விரண்டின் வேறுபாடும் நாம் நினைப்பதைவிட நன்றாகத் தெரியும். "உண்மையாவோ, கதைக்கோ?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள், தயங்காமல் விடை வரும்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது மற்றொன்று. இதுதான் கனமான ஆட்சேபம். இன்று எமது வீடுகளிற் பிள்ளைப் பருவத்தை ஆள்வதும் இப்பரீட்சையே. ஐந்து வயதிலேயே பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பப்படும் பிள்ளைகளைக் காண்கின்றோம். அவர்கள் நிறந்தீட்டும் கொப்பிகளில் அச்சடித்த கோட்டுக்கு வெளியே போகாமல் அழகாக நிறந் தீட்டுகின்றார்கள். ஒரு வெறுந்தாளைக் கொடுத்தால், "என்ன கீற?" என்று கேட்டு நிற்கின்றார்கள். இவ்வகைக் கொப்பிகள் பிள்ளையைப் பிறர் கோட்டுக்கு அடிமையாக்கிவிடும் என்று, ஒஸ்திரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் சித்திரக் கல்வியை வளர்த்த விக்டர் லோவன்பெல்ட் 1947ஆம் ஆண்டு வெளியான தம் நூலிலேயே எச்சரித்தார். எமக்கு அக்கருத்தில் முழு உடன்பாடு. விலை கொடுத்து வாங்கும் கொப்பியைவிட, ஒரு பக்கம் வெறுமையாகக் கிடக்கும் கலியாண அழைப்பிதழ் பிள்ளைக்கு அதிகம் செய்யும்.

பரீட்சைக் கணக்கிலேயே பேசுவதானாலும், கதை கட்டும் பிள்ளைக்குக் கட்டுரை வராமற் போகாது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பள்ளியிற் பாலர் வகுப்பு ஆசிரியையாக நெடுங்காலம் பணியாற்றிய விவியன் பேலி அம்மையார், எழுதத் தெரியாத பிள்ளைகள் சொல்லும் கதைகளை அவர்கள் வாய்மொழியாகவே எழுதிக்கொள்வார். பின் வகுப்பெல்லாம் வட்டமாக அமர, கதை சொன்ன பிள்ளையும் தோழரும் அதை நடித்துக் காட்டுவர். தன் வாயிலிருந்து வந்த சொல் கடதாசியில் ஏறுவதையும், அக்கடதாசியிலிருந்து அதே சொல் மீண்டும் வாசிக்கப்படுவதையும் காணும் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று வேறாக விளக்கவேண்டியதில்லை. நாமும் படத்தின் கீழே பிள்ளை சொல்வதை எழுதலாம். "காகம் மிதிக்கும்" என்றால் அப்படியே எழுதுக. "காகங்கள் மிதித்தன" என்று இலக்கணம் பார்த்து மாற்றினால், "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்று பிள்ளை உடனே மறுக்கும், மறுப்பதும் நியாயமே. செந்தமிழைப் பள்ளிக்கூடம் பின்னர் பார்த்துக்கொள்ளும்.

ஏடு தொடக்கும்போது பிள்ளையின் கையைப் பிடித்து அரிசியிலே 'அ' எழுதுவிக்கின்றோம். அது முன்னோர் வகுத்த நெடுங்கணக்கு. கையைப் பிடித்துத்தான் கொடுக்கவேண்டும். படத்திலே பிள்ளையின் கையைப் பிடிக்கக்கூடாது. இரண்டுக்கும் உரிய நாள்கள் ஆண்டிலே தாராளமாக உண்டு.

கதையில் அடிதடியும் சாவும் வந்துவிட்டால் அஞ்சுகின்ற தாய்மாரும் உளர். இந்நாட்டில் இது வெறுங் கற்பனைப் பயமன்று. போர் நடந்த காலத்தில் எமது பிள்ளைகள் விமானத்தையும் பங்கரையும் எரியும் வீட்டையும் கீறினார்கள். அவர்கள் கண்டவை அவை. மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்று ஒன்று ஆரம்பிக்கப்பட்டது. கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதனை உருவாக்குவதில் முன்னின்றனர். போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தத்தம் ஊர்களிலிருந்து அங்கு அழைத்து வரப்பட்டார்கள். மரமும் செடியும் மிருகங்களும் உள்ள அவ்விடத்தில் அவர்கள் படங் கீறினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், அக்கதைகளை நாடகமாக ஆடினார்கள். ஒருவர் ஊரை மற்றவர் நெருங்க அஞ்சிய காலம் அது. அக்காலத்தில் இரு ஊர்ப் பிள்ளைகள் ஒரே கதைக்குள் ஒன்றாக இருந்தார்கள்.

துயரத்தைக் கண்ட பிள்ளையிடம் "நடந்ததைக் கீறிக் காட்டு" என்று கேட்பது தகாது. அது தானாகக் கீறினால், அருகில் இருந்து கேட்டால் போதும். நாள் தோறும் ஒரே பயங்கரப் படத்தையே கீறி, உறக்கமும் உணவும் குறைந்து வருமானால் வைத்தியரிடம் காட்டவேண்டும். மற்றும்படி, அரக்கனை அரிவாளால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு சோறு தின்ன ஓடிவரும் பிள்ளையைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையில்லை.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மணல் முற்றம் உள்ளவர் பாக்கியசாலிகள். ஓர் ஈர்க்குப் போதும். அலாஸ்காவிலே யூப்பிக் என்னும் ஆதிக்குடிச் சிறுமியர், ஆற்றங்கரைச் சேற்றைத் தட்டிச் சமப்படுத்தி, தந்தையோ மாமனோ செதுக்கிக் கொடுத்த கதைக்கத்தியினாற் படங் கீறிக்கொண்டே தோழியர்க்குக் கதை சொல்வார்கள். ஒரு காட்சி முடிந்ததும் சேற்றைத் தடவி அழித்து அடுத்த காட்சியைக் கீறுவார்கள். பசிபிக் சமுத்திரத்து வனுவாட்டுத் தீவினர், விரலை எடுக்காமல் மணலிலே ஒரே கோட்டாற் கீறும் சித்திரங்கள் எமது கம்பிக்கோலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள் போலத் தோன்றும். கதை சொல்வதற்கும் அவை பயன்படுகின்றன. மணல் இல்லாத மாடிவீட்டார் கடதாசியை நாடுக. நிறம் வேண்டுமாயின் மஞ்சளைக் கரைத்துக் கொடுங்கள். அதிற் சிறிது சுண்ணாம்பைப் பெரியவர் தம் கையாற் கலந்தால் ஆரத்திச் சிவப்பு வரும். மஞ்சள் சிவப்பாக மாறும் அந்தக் கணத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தவறவேண்டாம். கரி, வெண்கட்டி, நசுக்கிய செவ்வரத்தம்பூ எல்லாம் உதவும்.

எமது குடும்பங்களில் இன்று அநேகம் கடல் கடந்து கிடக்கின்றன. அம்மம்மா சாவகச்சேரியில், பேரன் ரொறன்ரோவில். தொலைபேசித் திரையிலே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றார்கள், "சாப்பிட்டியா?" என்பதற்கு அப்பால் பேச்சு நகர்வதில்லை. பேரனின் தமிழ் நாலு சொல்லோடு நின்றுவிடுகின்றது. இத்தகைய வீடுகளுக்கு நாம் ஒரு யோசனை கூறுவோம். அம்மம்மா ஒரு கடதாசியில் முதற் படத்தைக் கீறி, கீழே இரண்டு வரி எழுதித் தபாலில் அனுப்பட்டும். ஆடு ஒன்று வேலியைப் பாய்ந்தது என்ற அளவிற் போதும். அடுத்த படம் அங்கிருந்து வரவேண்டும். ஆடு பனியிலே சறுக்கினால் சறுக்கட்டும். தொலைபேசியிற் படம் பிடித்து அனுப்பினால் விரைவிற் போகும் என்பது மெய்தான். ஆயினும் தபாற்காரன் கொண்டுவரும் கடதாசியைப் பிள்ளை தலையணையின் கீழ் வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்திலே பீற்றிக்ஸ் பொற்றர் என்னும் அம்மையார், தமக்கு முன்னர் கற்பித்த ஆசிரியையின் மகன் நோயுற்றுக் கிடந்தபோது, 1893ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி அவனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத விஷயம் ஒன்றும் இல்லாதபடியால் நான்கு முயற்குட்டிகளின் கதையை, வரிக்கு வரி படங் கீறி எழுதினார். நோவல் என்னும் அப்பையனுக்கு அப்பொழுது வயது ஐந்து. ஏறத்தாழ ஏழு ஆண்டுகளின் பின், அக்கதையை நூலாக்கலாம் என்று எண்ணிய அம்மையார், கடிதம் இன்னமும் இருக்கின்றதா என்று விசாரித்தார். நோவல் பத்திரமாக வைத்திருந்தான். அதை இரவல் வாங்கிப் பார்த்து எழுதிய நூலைப் பதிப்பாளர் பலர் மறுக்கவே, 1901 டிசெம்பரில் தம் பணத்திலேயே 250 பிரதிகள் அச்சிட்டார். பீற்றர் என்னும் முயல் உலகத்துக்கு வந்தது அப்படித்தான்.

படங்களின் பின்புறத்தில் திகதியையும் பிள்ளையின் வயதையும் சிறிதாக எழுதிவைக்கலாம். அலுமாரியில் இடமில்லை என்பவர், பிள்ளையையே கேட்டு, எதை வைப்பது எதை விடுவது என்று தீர்மானிக்கட்டும். நூறு காகத்தை அது விடாது.